ஆன்சிபிளோடு 7 வருடம்: ஃபைல் புதுசு, ஓடுவது பழசு

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவியான ஆன்சிபிளுக்கு எங்கள் டீம் மாறி 7 வருடம் ஆகிறது. அதற்கு முன் டெப்ளாய்மென்ட் என்றால் ஒரு நீளமான ஷெல் ஸ்கிரிப்ட். பாதியில் நின்றுவிட்டால் எந்த சர்வர் வரை போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இப்போது மூன்று கிளஸ்டர், 60 சர்வருக்குக் கொஞ்சம் மேல். அவற்றை அமைக்கும் விவரமெல்லாம் யாமில் என்ற டெக்ஸ்ட் ஃபைல்களாக, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் இருக்கின்றன.

சர்வரில் ஏஜென்ட் (எப்போதும் ஓடும் உதவி மென்பொருள்) எதுவும் போட வேண்டாம், தொலைவிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்ஹெச்சும் பைதானும் இருந்தால் போதும் என்பதற்காகத்தான் இதை எடுத்தோம். அந்த முடிவில் இன்றுவரை வருத்தமில்லை. வேகம் குறைவு என்று புலம்புகிறவர்கள் முதலில் ஃபோர்க்ஸ் (ஒரே நேரத்தில் எத்தனை சர்வர்) எண்ணைப் பார்க்கட்டும். மாற்றாவிட்டால் ஒரே நேரத்தில் 5 சர்வர்தான்.

என்னைப் படுத்தியது ஹேண்ட்லர், அதாவது ஏதாவது மாறினால் மட்டும் ஓடும் டாஸ்க். ஒருநாள் இரவு என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் கான்ஃபிக் டெம்ப்ளேட்டில் டைம்அவுட்டை மாற்றி பிளேபுக்கை (டாஸ்க்குகளின் பட்டியலை) ஓட்டினேன். நான்கு சர்வரில் கான்ஃபிக் இறங்கியது; அடுத்த டாஸ்க்கில் ஆப் பேக்கேஜ் டவுன்லோட் ஆகாமல் நின்றுவிட்டது. என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் ஹேண்ட்லர் கடைசியில்தான் ஓடும். வழியிலேயே விழுந்த சர்வரில் ஓடாது. டவுன்லோட் பிரச்சினையைச் சரிசெய்து மறுபடி ஓட்டினேன். கான்ஃபிக் ஏற்கெனவே புதுசாக இருப்பதால் அந்த டாஸ்க் ‘மாற்றம் இல்லை’ என்றது. மாற்றம் இல்லையென்றால் ஹேண்ட்லரைக் கூப்பிட ஆளில்லை. திரையில் ஒரு சிவப்பு வரி கிடையாது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

இரண்டு நாள் சில ரிக்வெஸ்ட் மட்டும் பழைய டைம்அவுட்டில் செத்துக்கொண்டிருந்தது. ஃபைலைத் திறந்தால் எல்லாம் சரி. கடைசியில் ஃபைல் மாறிய நேரத்தையும் வொர்க்கர் பிராசஸ் தொடங்கிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: ஃபைல் மாறிய பிறகு என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகவே இல்லை. இப்போது கான்ஃபிக் டாஸ்க்குகள் முடிந்த உடனே ஹேண்ட்லர்களை ஓடவிட ஒரு வரி இருக்கிறது. கடைசி டாஸ்க், ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸிடமே அதன் வெர்ஷனைக் கேட்டுப் பார்க்கிறது.

வேரியபிள் விஷயத்தில் தப்பு எங்களுடையது. எந்த மதிப்பு எதை வெல்லும் என்பதற்கு ஆவணத்தில் 22 படிகள் உண்டு. நாங்கள் போர்ட் எண்ணையெல்லாம் ரோலின் (ஒரு வேலைக்கான டாஸ்க்குகளின் தொகுப்பு) ‘வார்ஸ்’ ஃபோல்டரில் போட்டுவிட்டு, சர்வர் பட்டியலான இன்வென்டரியில் மாற்றினால் ஏன் கேட்கவில்லை என்று முழித்தோம். அங்கே வைத்தால் இன்வென்டரியை அது மிதித்துவிடும். இப்போது இரண்டே இடம்: பொதுவானது ரோலின் ‘டிஃபால்ட்ஸ்’, கிளஸ்டருக்கு மாறுவது குரூப் ஃபைல். தனி ஒரு சர்வருக்கென்று ஃபைல் போட்டால் காரணத்தை கமிட்டில் எழுத வேண்டும். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் அந்தத் தேவையே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

ஃபைல் பெர்மிஷனை (யார் படிக்கலாம், எழுதலாம் என்பதை) மேற்கோள் குறிக்குள் '0644' என்றே எழுதுங்கள். முன்னால் பூஜ்யம் இல்லாமல் வெறும் 644 என்று விட்டால் அது பதின்ம எண்ணாகி, பெர்மிஷனுக்கான எண்ம (ஆக்டல்) முறையில் 1204 என்று இறங்கும். ஓனருக்கே ஃபைலைப் படிக்க முடியாது. எங்கள் ஆப் அப்படி ஒருமுறை ஸ்டார்ட் ஆக மறுத்தது.

புது ரிலீஸை முதலில் 1 சர்வர், அப்புறம் 25 சதவீதம், பிறகு மீதி என்று ஆன்சிபிளின் ‘சீரியல்’ அமைப்பில் பிரித்திருக்கிறோம். நல்ல வசதி. எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் செக் மோடை மட்டும் முழுதாக நம்பாதீர்கள்; ஷெல் டாஸ்க்குகளை அது தாண்டிப் போவதால், அவற்றின் விடையை எதிர்பார்க்கும் அடுத்த டாஸ்க் வீணாகக் கத்தும்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. பிளேபுக்கிலிருந்து ஒரு டாஸ்க்கை அழித்தால் சர்வரிலிருந்து அது போகாது; ‘இருக்கக் கூடாது’ என்று தனியாக எழுத வேண்டும். போன மாதம் ஒரு பழைய சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் ஜாப் கண்ணில் பட்டது. அதை பிளேபுக்கில் அழித்து மூன்று வருடம் இருக்கும். வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருக்கு தினமும் காலை 6 மணிக்கு ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டிருந்தது.