பிள்ளையைக் காக்கும் செயலி என்று 5,900 ரூபாய் கட்டிய கதை

பிள்ளைகளின் செல்போனைக் கண்காணிக்கும் ‘பாதுகாப்புச் செயலி’ என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டால், பணம் கட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் படிக்க அப்போது இப்படி ஒன்று கிடைக்கவில்லை, கட்டிவிட்டேன். 5,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 900. அந்த ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே கிடையாது.

நான் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறவன். வருகிற பில்லில் எல்லாம் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம். என் சொந்தக் காசுக்கு வந்த ரசீதை நான் பெரிதாக்கிப் பார்த்தது நாலு மாதம் கழித்து. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

மகள் ஒன்பதாம் வகுப்பு. போன ஜூலையில் அவள் டைரியில் ஒரு குறிப்பு வந்தது: சனிக்கிழமை இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம், பெற்றோர் கட்டாயம் வரவேண்டும். போனோம். கோட்டு போட்ட ஒருவர் முக்கால் மணி நேரம் திரையில் படம் காட்டினார். அழுகிற பெண் பிள்ளை, செய்தித் துணுக்குகள், பின்னால் திகில் இசை. என் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இப்போது நினைத்தால்தான் உறைக்கிறது: அந்த முக்கால் மணி நேரத்தில் ‘இப்படி நடந்தால் யாரிடம் போவது’ என்று ஒரு வார்த்தை இல்லை. பணம் போனால் கூப்பிட வேண்டிய 1930 இல்லை, குழந்தைகளுக்கான 1098 இல்லை. பயம் மட்டும்தான். மருந்து வெளியே மேசையில் இருந்தது, க்யூஆர் கோடோடு. இன்று ஒரு நாள் பாதி விலை. முதல் வரிசையில் தலைமையாசிரியை மேடம் உட்கார்ந்திருந்தார், அது போதாதா நமக்கு?

கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு தம்பி மகளின் போனை வாங்கினான். அவன் செய்தது ஒவ்வொன்றையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உங்களுக்கு உதவும் என்று வரிசையாகச் சொல்கிறேன். செயலி ப்ளே ஸ்டோரில் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பி, ஸ்டோருக்குப் போகாமல் நேராகச் செயலியை ஏற்றும் ஏபிகே கோப்பாக இறக்கினான். ‘இது ஆபத்தானது’ என்று போன் எச்சரித்தது. உடனே, ஆபத்தான செயலிகளைப் பிடிக்கும் கூகுளின் காவலான ப்ளே ப்ரொடெக்டை அணைத்தான். அடுத்து அக்சஸிபிலிட்டி அனுமதி. அது கொஞ்சம் புதிய ஆண்ட்ராய்டு போன், அந்த அனுமதியைக் கொடுக்கவே விடவில்லை. ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து இறக்கிய செயலிக்கு அந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். அவன் செயலியின் விவரப் பக்கத்துக்குப் போய், மேலே மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, அந்தப் பூட்டையும் திறந்தான். கடைசியாக டிவைஸ் அட்மின்.

“ஏன் தம்பி, போன் இத்தனை தடவை தடுக்குது?” என்றேன்.

“எல்லா போனும் அப்படித்தான் சார். கூகுளுக்கு நம்ம ஊர்க் கம்பெனி வளர்ந்தா பிடிக்காது.”

சிரித்தேன். சிரித்துவிட்டுப் பணம் கட்டினேன்.

அக்சஸிபிலிட்டி என்பது கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவது போன்ற உதவிகளுக்காக வைத்த வசதி. அதை ஒரு செயலிக்குக் கொடுத்தால், திரையில் தெரிவது எல்லாவற்றையும் அதனால் படிக்க முடியும், நமக்குப் பதில் பொத்தானை அழுத்தவும் முடியும். வங்கிக் கணக்கைத் துடைக்கிற திருட்டுச் செயலிகள் முதலில் கேட்பது இதைத்தான். டிவைஸ் அட்மின் கொடுத்துவிட்டால் செயலியைச் சாதாரணமாக நீக்க முடியாது. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. ஆனால் போன் தன் பாஷையில் மூன்று தடவை சொல்லியிருக்கிறது, அதைத்தான் மறக்க முடியவில்லை.

முதல் மாதம் எங்களுக்குப் பெருமைதான். என் போனில் ஒரு லிங்க் திறந்தால் வரைபடத்தில் மகள் ஒரு புள்ளியாகத் தெரிவாள். பெயர், போன பாதை, பேட்டரி எத்தனை சதவீதம் என்பது வரை. அவளுக்கு வந்த செய்திகளும் அதில் வரும். இராத்திரி மனைவியும் நானும் உட்கார்ந்து படிப்போம். எங்கள் மகள் எழுதியதை மட்டுமில்லை, அவள் தோழிகள் எழுதியதையும் படித்தோம். யாருடைய வீட்டில் சண்டை, யாருக்கு மாதவிடாய் வலி, எல்லாம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் யாரும் எங்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. அது தப்பு என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் மகளின் எண்ணுக்கு நீட் பயிற்சி மையங்களிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது. பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் சொல்லிக் கேட்டார்கள். அந்த எண் வீட்டாரையும் தோழிகளையும் தவிர யாரிடமும் இல்லை. எண் வெளியே போன வழி இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நவம்பரில் நடந்ததை விட முடியாது. மனைவி புதுப் போன் வாங்கினார். என் வாட்ஸ்அப்பிலிருந்து அந்த லிங்க்கை எடுத்து ஒட்டும்போது கடைசி இலக்கம் விட்டுப்போய்விட்டது. பக்கம் திறந்தது. உள்ளே எங்கள் மகள் இல்லை. வேறு ஒரு பையன், வேறு ஊர். பெயர், அன்று சாயங்காலம் அவன் நடந்த தெரு, பேட்டரி 34 சதவீதம். கடவுச்சொல் கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை. மனைவி போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்போ நம்ம புள்ளைய எத்தனை பேர் பாத்திருப்பாங்க?”

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போட்டேன். “அந்த லிங்க்கை யாராலும் ஊகிக்க முடியாது சார்” என்றார் ஒரு பெண். அம்மா, நான் கணக்கன். வரிசை எண் போட்ட பில் புத்தகத்தில் 412-க்கு அடுத்தது எது என்று ஊகிக்கத் தனித் திறமை வேண்டுமா? அதைச் சொன்னதும் “டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க” என்று வைத்துவிட்டார். இன்றுவரை கூப்பிடவில்லை.

அன்றிரவு மகளிடம் சொன்னோம். கோபப்படுவாள் என்று நினைத்தோம். சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நான் அந்த போன்ல ஒண்ணுமே பண்றதில்லப்பா” என்றாள். செயலி ஏறிய இரண்டாம் வாரமே அவள் எல்லாவற்றையும் அம்மாயியின், அதாவது என் மாமியாரின், போனுக்கு மாற்றிவிட்டாளாம். அம்மாயிக்கு அதில் பேசவும் சாமி பாட்டுக் கேட்கவும் மட்டும்தான் தெரியும். நாங்கள் படித்ததெல்லாம் எங்களுக்காக விட்டுவைத்த செய்திகள். அம்மாயி போனில் இன்ஸ்டாகிராம் கணக்குத் தொடங்கி, பிறந்த ஆண்டு 2000 என்று போட்டிருக்கிறாள். உண்மை வயதைக் கொடுத்திருந்தால், 18 வயதுக்குக் கீழே என்பதால் கணக்கு தானாகவே பூட்டியபடி இருந்திருக்கும், தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் அந்த ஏற்பாடு வந்துவிட்டது. 25 வயதுப் பெண்ணுக்கு அது எதற்கு?

அந்த இன்ஸ்டாகிராமில் பத்தாம் வகுப்பு அக்கா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பேசியிருக்கிறார். இரண்டு வாரம் கணக்கு நோட்டு, டீச்சர் கிண்டல். அப்புறம் ஒரு படம் கேட்டதும், சீருடையில் இருந்ததை இவள் அனுப்பியிருக்கிறாள். அடுத்து வேறு மாதிரிப் படம். முடியாது என்றதும், ‘உன் ஸ்கூல் தெரியும், உன் அப்பா நம்பர் தெரியும்’. மூன்று வாரம் அந்தப் பிள்ளை இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறது. அந்த மூன்று வாரமும் நாங்கள் வரைபடத்தில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஏம்மா சொல்லல?” என்று கேட்டதற்கு அவள் சொன்னது: “சொன்னா அம்மாயி போன்லயும் அதைப் போட்டுருவீங்கல்ல.”

அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

மறுநாள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் எதையும் அழிக்கவில்லை. அந்தக் கணக்கின் முகவரி, உரையாடல், நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் ரிப்போர்ட் செய்து பிளாக் செய்தோம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அதில் பதிவு செய்து எண் வாங்கினோம். நல்லவேளை, சீருடைப் படத்தோடு நின்றது. அதைத் தாண்டிப் போயிருந்தாலும் வழி இருந்திருக்கிறது. ‘டேக் இட் டவுன்’ என்று ஓர் இலவச ஏற்பாடு, 18 வயதுக்குள் எடுத்த ஆபாசப் படம் பரவாமல் தடுக்க அமெரிக்காவின் என்சிஎம்இசி என்ற அமைப்பு நடத்துவது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம், நம் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரிக் குறியீடு உண்டாகி, அது மட்டும் போகும். இதைச் சொன்னபோதுதான் மகள் அழுதாள். மிரட்டலுக்குப் பணிவதைத் தவிர வேறு வழி உண்டு என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கோட்டுக்காரர் அதையும் சொல்லவில்லை.

செயலியை நீக்கவே ஒரு மணி நேரம் ஆனது. முதலில் டிவைஸ் அட்மின் பட்டியலில் டிக்கை எடுக்க வேண்டும், பிறகு அக்சஸிபிலிட்டியை அணைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் நீக்கும் பொத்தான் வேலை செய்தது. ப்ளே ப்ரொடெக்டைத் திரும்பப் போட்டோம். கூகுள் கடவுச்சொல்லை வேறு போனிலிருந்து மாற்றினோம். மனசு ஆறாமல், படங்களை எடுத்து வைத்துவிட்டுப் போனையே ஃபேக்டரி ரீசெட் செய்தோம்.

பணம்? கம்பெனி, “உங்கள் அனுமதியோடுதான் தகவல் எடுத்தோம்” என்று பதில் அனுப்பியது. உண்மைதான், கட்டைவிரல் என்னுடையது. பள்ளியில், “நாங்க இடம் மட்டும்தான் கொடுத்தோம்” என்றார் மேடம். எவ்வளவு வாடகைக்கு என்று கேட்டேன். டீ வந்தது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்த பிறகு கம்பெனி இறங்கி வந்து, 2,000 தருகிறோம், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்டதை எடுத்துவிடுங்கள் என்றது. எடுக்கவில்லை, 2,000-உம் வரவில்லை. அந்தப் பையனின் புள்ளி தெரிந்த விஷயத்தை, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு மின்னஞ்சலில் எழுதினேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே வந்துவிட்டது. தரவைப் பத்திரமாக வைக்காதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. ஆனால் விதிகள் வந்தது 2025 நவம்பரில், முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அதுவரை இந்த மாதிரி மேசைகள் இன்னும் எத்தனை பள்ளிக்கூடத்தில் போடுவார்களோ.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது கூகுளின் ஃபேமிலி லிங்க், ஒரு பைசா செலவில்லை. செயலி இறக்க அனுமதி, நேர வரம்பு, இருக்கும் இடம், அவ்வளவுதான். செய்திகளைப் படிக்காது, அதனால்தான் மகளும் ஒத்துக்கொண்டாள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே ஸ்கிரீன் டைம் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் கணக்கை உண்மைப் பிறந்த தேதியோடு புதிதாகத் தொடங்கினாள். இரவு ஒன்பதரைக்கு எல்லோர் போனும் கூடத்தில் சார்ஜில் கிடக்கும், என்னுடையதும். அதில்தான் எனக்குக் கஷ்டம் அதிகம்.

எங்கள் கணக்கையும் தகவலையும் அழிக்கச் சொல்லி மூன்று மின்னஞ்சல் அனுப்பியாயிற்று. இன்று காலையில் பழைய லிங்க்கைத் திறந்து பார்த்தேன். நவம்பரில் ஒரு சாயங்காலம் டியூஷன் முடிந்து அவள் நின்ற தெருமுனையில், பெயரோடு, 61 சதவீத பேட்டரியோடு, அந்தப் புள்ளி அப்படியே நிற்கிறது.