அண்ணா நூற்றாண்டு நூலகம்: மூன்று மணி நேரத்தில் முடியும் முதன்மை வேலை

2010 செப்டம்பர் 15 அன்று சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் போட்டித் தேர்வு மாணவர்களின் இடமாகவே பலர் கருதுகின்றனர். ஆனால், சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கான அதன் பிரிவில்தான் கடந்த சில மாதங்களாக என் மொழிபெயர்ப்புப் பணியைச் செய்து வருகிறேன். முன்பு வீட்டில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மேசையை விட்டு எழாமல் உழைத்தும், பெரும்பகுதி நேரம் மின்னஞ்சலுக்கும் எழுத்துப்பிழைத் திருத்தத்துக்குமே சென்றதால், ஒப்பந்த ஆவணங்களின் கடினமான பிரிவுகள் கண்கள் சோர்ந்த வேளையிலேயே கைக்கு வந்தன. பிழைகளும் அங்கேயே நேர்ந்தன. வாடிக்கையாளர் நம்பிப் பணம் தருவதோ அந்தச் சில பக்கங்களுக்காகத்தான்.

இப்போது அந்தக் கடினமான பக்கங்களின் அச்சுப்படியையும் ஒரு நோட்டையும் மட்டுமே எடுத்துச் செல்கிறேன். தலைநிமிராமல் படிப்பவர்களின் நடுவே கைப்பேசியை எடுக்க மனம் கூசுகிறது; அந்த அமைதி விலைமதிப்பற்றது. ஒரு சொல்லில் ஐயம் எழுந்தால், அகராதிகளும் அதே கட்டடத்தில் உள்ளன. வேளச்சேரியிலிருந்து வந்துபோகும் நேரத்தைச் சேர்த்தாலும், பிற்பகல் இரண்டு மணிக்குள் அன்றைய முதன்மையான வேலை முடிந்துவிடுகிறது. மின்னஞ்சல்களுக்கு மாலையில் அரை மணி நேரம் போதுமானதாக இருக்கிறது.