கோடாக்ஸ் டிடி685: கல்யாண மண்டபங்களில் ஒரு ஃபிளாஷ்

கோடாக்ஸ் டிடி685 ஃபிளாஷின் கேனன் பதிப்பைச் சில ஆண்டுகளாகத் திருமணப் படப்பிடிப்புகளில் பயன்படுத்தி வருகிறேன். வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது, பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பர் 60 என்பதைத்தான். அந்த எண்ணை, லென்ஸ் திறப்பைக் குறிக்கும் அபர்ச்சர் எண்ணால் வகுத்தால், கேமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ. 100இல் ஒளி எட்டும் தூரம் கிடைக்கும். எஃப் 8 என்றால் 7.5 மீட்டர். ஆனால் அது ஃபிளாஷின் தலையை, ஒளியைக் குறுக்கிக் குவிக்கும் 200 மி.மீ. ஜூமில் வைத்து அளந்த எண். மேடை முழுவதையும் 35 மி.மீ. லென்ஸில் அடக்கும்போது ஒளி அகலமாகப் பரவுவதால், எட்டும் தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

தானியங்கி முறையான டி.டி.எல்., படம் பதிவாவதற்குச் சற்று முன் சிறிய ஒளி ஒன்றைப் பாய்ச்சி, திரும்பி வருவதை அளந்து ஃபிளாஷின் சக்தியைத் தீர்மானிக்கிறது. எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு ஒப்பாக எண்ணியே அது கணக்கிடுகிறது. பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் சட்டகத்தை நிறைத்தால் படம் மங்கிப்போவதும், கறுப்புக் கோட்டு அணிந்தவரைத் தனியே எடுத்தால் முகம் வெளுத்துப்போவதும் இதனால்தான். வெள்ளைக்கு, தானியங்கிக் கணக்கைத் திருத்தும் ஃபிளாஷ் ஈடுசெய்தலை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) கூட்டுவதும், கறுப்புக்கு அதே அளவு குறைப்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. தொல்லை தருவது ஜரிகை. அகலக் கரை போட்ட புடவையிலிருந்து ஒளி நேராகத் திரும்பி வந்தால் ஃபிளாஷ் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அப்போது முகத்தின்மீது ஃபிளாஷ் அளவைப் பூட்டிவிட்டு எடுப்பதே பலன் தருகிறது.

இந்தத் தானியங்கி முறை அறவே கைகொடுக்காத நேரம் முகூர்த்தம். மணமக்கள் மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறார்கள். அட்சதை தூவ நீட்டிய ஒரு கை, கேமராவிலிருந்து ஒரு மீட்டரில் குறுக்கே வருகிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறைவதால், அந்தக் கையில் விழுவது மணமக்கள்மீது விழுவதைப்போல் ஒன்பது மடங்கு, அதாவது மூன்று ஸ்டாப்புக்கும் மேல். கையை அளந்து ஃபிளாஷ் அடங்கினால் தாலி கட்டும் கணம் இருட்டாகிவிடும். ஆகவே ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, மேடையோரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே வெள்ளைக் குடையுடன் ஸ்டாண்டில் நிறுத்தி, மேனுவல் முறையில் சக்தியை முன்கூட்டியே சரிபார்த்து வைக்கிறேன். ஒளி பக்கவாட்டில் வருவதால் நீட்டிய கைகள் வெளுப்பதில்லை. ஸ்டாண்டும் மணமக்களும் இடம் மாறாதவரை அளவும் மாறுவதில்லை. ஃபிளாஷுக்குள்ளேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் இருப்பதால், கேமராவின்மேல் ரேடியோ சைகை அனுப்பும் டிரிக்கர் ஒன்று மட்டும் போதும். வீடியோக்காரரின் உதவியாளர் அந்த ஸ்டாண்டைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

குடும்பப் படங்களுக்கும் மேனுவல் முறையே ஏற்றது. முன்னொளி இல்லாததால் கண் சிமிட்டுவோர் குறைகிறார்கள். ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசைகள் நிற்கும்போது, ஃபிளாஷ் முதல் வரிசைக்கு இரண்டு மீட்டரில் இருந்தால் பின்வரிசைக்கு ஒரு ஸ்டாப்புக்கும் மேல் ஒளி குறையும். நான்கு மீட்டருக்குப் பின்வாங்கினால் அந்த வேறுபாடு மூன்றில் இரண்டு ஸ்டாப்புக்குள் அடங்கிவிடும்.

பெண் அழைப்பு, நலங்கு போன்றவை நடக்கும் வீடுகளில், பத்தடி உயர வெள்ளைக் கூரையில் ஒளியைத் தெறிக்கவிட்டு டி.டி.எல்.லிலேயே எடுக்கலாம்; நிழல் மென்மையாக விழும். இளஞ்சிவப்புச் சாயம் பூசிய கூரையிலோ இருபதடி உயர மண்டபத்திலோ இதை முயல்வது பேட்டரிக்குத்தான் கேடு.

ஷட்டர் வேகம் ஃபிளாஷ் ஒளியின் அளவை மாற்றாது, சுற்றுப்புற ஒளியைத்தான் மாற்றும் என்பது கைவந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். என் கேமராவின் ஒத்திசைவு எல்லையான, அதாவது ஃபிளாஷுடன் ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகமான 1/200 வினாடியில் எடுத்தால் மணமக்களுக்குப் பின்னால் இருக்கும் அலங்காரம் கறுத்துப்போகிறது; அபர்ச்சரையும் ஐ.எஸ்.ஓ.வையும் தொடாமல் 1/60க்கு இறக்கினால் முகத்தின் ஒளி அப்படியே இருக்க, பின்னாலுள்ள சீரியல் விளக்குகள் எழும்பி வருகின்றன. அவை மஞ்சளாக எரியும்போது ஃபிளாஷின் தலையில் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டி இரண்டு ஒளியையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருகிறேன். நண்பகல் வெயிலில் முகநிழலைப் போக்க, அந்த எல்லையைத் தாண்டிய ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷை இயக்கும் அதிவேக ஒத்திசைவு உதவுகிறது என்றாலும், அதில் சக்தி வெகுவாக இழக்கப்படுவதால் ஃபிளாஷ் அருகிலேயே இருக்க வேண்டும்.

நான்கு ஏஏ பேட்டரிகளில் இயங்குவது வசதிதான். அல்கலைன் வகையைத் தவிர்த்து, மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையையே போட வேண்டும். முழுச் சக்தியில் அடித்தபின் மறுபடி நிரம்ப அதிகபட்சம் 2.6 வினாடி என்று நிறுவனம் குறிப்பிடுவது புதிதாக மின்னேற்றிய செல்களுக்கான கணக்கு. வரவேற்பின் பிற்பகுதியில் இடைவெளி நீள்கிறது. எனவே ஐ.எஸ்.ஓ.வை 800க்கு ஏற்றிக்கொண்டு, கால் பங்குச் சக்திக்கு மேல் போகாமல் வேலை செய்கிறேன். மாதம் ஓரிரு நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கு இதுவே போதும். முகூர்த்த மாதங்களில் ஓய்வில்லாமல் ஓடுபவர்கள் கூடுதல் விலை கொடுத்து, 1.5 வினாடிக்குள் நிரம்பும் லித்தியம் பேட்டரி கொண்ட கோடாக்ஸின் வி860 II மாடலுக்கே நேராகப் போய்விடலாம்.