ஐபி முகவரியில் ஊர் திருத்தம்: திருமலை திரும்பத் திரும்பக் கொழும்பாகிற கதை

“எங்கட லைன் ஏன் எப்பவும் கொழும்பு எண்டு காட்டுது, திருத்தேலாதா?” திருமலை என்று நாங்கள் சொல்கிற திருகோணமலையில், உப்புவெளியில் விடுதி நடத்துகிற கூட்டாளி கேட்டதற்கான பதில் இது. இணைப்புக்குக் கிடைக்கிற ஐபி முகவரி என்ற எண்ணை வைத்துத்தான் இணையத்தளங்கள் உங்கள் ஊரை ஊகிக்கின்றன. திருத்தலாம். திருத்தியது நிற்குமா என்பதுதான் கேள்வி.

எந்த ஐபி எந்த ஊர் என்று தரவுத்தளம் வைத்திருக்கிற நிறுவனம் மேக்ஸ்மைண்ட். அதன் திருத்தப் படிவம் சுலபமானது. ஐபி, நாடு, ஊர் போட்டு அனுப்ப ஐந்து நிமிடம் போதும், காசும் இல்லை. ஐபி2லொகேஷன், ஐபிஇன்ஃபோவிலும் இப்படி வழி உண்டு. ஆனால் ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது, ஒவ்வொன்றும் தனித் தரவுத்தளம். புதிய வகை நீள முகவரியான ஐபிவி6 இருந்தால் அதற்கும் வேறாக அனுப்ப வேண்டும். மேக்ஸ்மைண்டின் இலவசத் தரவுத்தளமான ஜியோலைட் சிட்டி வாரத்தில் இரண்டு தடவை புதுப்பிக்கப்படுகிறது. அதை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டு மறந்துபோன தளங்களில் மட்டும் பழைய ஊர்தான் கிடக்கும்.

எரிச்சல் இனித்தான். கரண்ட் போய் வந்து ரவுட்டர் திரும்ப ஏறினால் வேறு முகவரி கிடைக்கும். நீங்கள் திருத்தியது பழைய எண்ணை. அது இப்போது குருநாகலில் யார் வீட்டிலோ இருக்கலாம், அவர் திருமலைவாசியாகிவிட்டார்! ஆகவே முதலில் ரவுட்டருக்குள் போய் வான் (WAN) ஐபியை, அதாவது இணைப்புக் கொடுக்கிறவர் ரவுட்டருக்குத் தந்த எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் சிஜிநாட் (CGNAT), பலருக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிற முறை. வெளியே தெரிகிற முகவரி பல வீடுகளுக்குப் பொது. அங்கே படிவம் நிரப்புவது வீண். மொபைல் டேட்டாவும் பெரும்பாலும் அப்படித்தான்.

மேக்ஸ்மைண்டில் உங்கள் ஐபியைத் தேடிய முடிவில் துல்லிய ஆரம் (சொன்ன இடம் எவ்வளவு தூரம் பிசகலாம் என்பது) என்று ஓர் எண் வரும், அதையும் பாருங்கள். கொழும்பை மையமாக வைத்து 200 கிலோமீற்றர் என்று போட்டிருந்தாலும் திருமலை அந்த வட்டத்துக்கு வெளியேதான். நேர்கோட்டில் ஏறக்குறைய 235. “கிட்டத்தட்ட சரி” என்ற சமாதானமும் செல்லாது.

நிரந்தர மருந்து ஜியோஃபீட், எந்த முகவரி எந்த ஊரில் என்று உரிமையாளரே அறிவிக்கிற பட்டியல். அதன் வடிவத்தைச் சொல்கிற இணைய ஆவணம் ஆர்எஃப்சி 8805, 2020இல் வந்தது. முகவரித் தொகுதியின் உரிமையாளர் ஒரு சாதாரண சிஎஸ்வி கோப்பு வைப்பார். வரிசை இது: தொகுதி, எல்கே (LK, இலங்கை), எல்கே-53 (மாவட்டம்), ஊர்ப்பெயர், கடைசியில் வெற்றிடம். அந்த வெற்றிடம் அஞ்சல் குறியீட்டுக்கானது. அந்தப் புலமே கைவிடப்பட்டது, நிரப்பத் தேவையில்லை. 53 திருகோணமலை மாவட்டம். 51 மட்டக்களப்பு, 52 அம்பாறை. மாகாணத்துக்கான 5ஐ மட்டும் போட்டால் கிழக்கு என்பதோடு நின்றுவிடும். பிறகு ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஐபி முகவரிகளைப் பங்கிடுகிற ஏப்னிக் (APNIC) அமைப்பின் பதிவில் அந்தக் கோப்பின் இணைப்பைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தேடுகிறவர்களுக்குக் கோப்பு இருப்பதே தெரியாது.

முழுதும் ஒரு மணி நேர வேலை. ஆனால் அதை நீங்களோ நானோ செய்யேலாது, இணைப்புக் கொடுக்கிறவர்தான் செய்ய வேண்டும். அவரிடம் கேட்டால் “ரவுட்டரை ஓஃப் பண்ணிப் பாருங்கோ” என்று பதில் வரும். எல்லாத் தொகுதியையும் தலைமையக விலாசத்தில் பதிந்துவைத்தால் திருமலை எப்படித் தெரியும்?

கூகுள் வானிலைக்கு மட்டும் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பிரவுசரில் இருப்பிட அனுமதி கொடுத்தால் சுற்றியுள்ள வைஃபையை வைத்து ஊரைப் பிடித்துவிடும். இல்லாவிட்டால் இங்கே கச்சான் அனலாய் வீசுகிற ஜூனில் கொழும்பு மழைக்குக் குடை எடுக்கச் சொல்லும்.

படிவத்துக்கு ஐந்தில் நாலரை கொடுக்கலாம். நிலையான ஐபிக்குக் காசு கட்டாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.