பால்வாடியா, பள்ளிக்கூட எல்கேஜியா?

மகளுக்கு மூன்றரை வயது ஆனபோது, கடலூர் முதுநகரில் எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தெருமுனை அங்கன்வாடி. என் மாமியார் இன்றும் அதைப் பால்வாடி என்றுதான் சொல்வார். மற்றொன்று, நடுநிலைப்பள்ளி வளாகத்தில் நடக்கும் எல்கேஜி. அரசு 2019 ஜனவரியில் தொடங்கிய வகுப்பு அது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, இரண்டிலும் மதியச் சாப்பாடு உண்டு.

எழுத்து, எண் என்று பார்த்தால் பள்ளிக்கூடம்தான் மேல். ஒரே வயதுப் பிள்ளைகள், ஓடியாட இடம், பிறகு அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்பு. கணவருக்கு அதில்தான் விருப்பம். அங்கன்வாடியிலோ ஒரே அறையில் இரண்டு வயதும் ஐந்து வயதும் கலந்து உட்கார்ந்திருக்கும்.

ஆனாலும் அங்கன்வாடியில்தான் சேர்த்தோம். காரணம் கழிப்பறை.

பள்ளியில் கழிப்பறை மைதானத்தைத் தாண்டி இருந்தது, பெரிய பிள்ளைகளின் அளவுக்குக் கட்டியது. வகுப்பில் இருந்தவர் ஒரே ஆசிரியை. ஒரு குழந்தையை அவர் அழைத்துப் போனால் மற்றக் குழந்தைகளை யார் பார்ப்பது? நான் போன அன்று ஒரு சிறுவன் நனைந்த கால்சட்டையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கு இருப்பது இரண்டு கைகள்தானே. அங்கே படித்த பக்கத்து வீட்டுப் பையனின் தண்ணீர் பாட்டில் தினமும் காலையில் நிரப்பியபடியே மாலை திரும்பி வரும். கழிப்பறைக்குப் போக பயந்து, தண்ணீர் குடிப்பதையே அவன் விட்டுவிட்டான். கடைசியில் சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவரிடம் ஓட வேண்டியதாயிற்று.

அங்கன்வாடியில் ஊழியர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்பது ஏற்பாடு. டீச்சர் பாட்டு சொல்லிக் கொடுக்கும்போது ஆயா வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார். பிள்ளை கால்களை இறுக்கிக்கொண்டு நெளிவது அவர் கண்ணில் பட்டுவிடும். கையைப் பிடித்து அழைத்துப் போய், கழுவி, துடைத்து, பாவாடையைச் சரிசெய்து உட்கார வைப்பார். முட்டை போடும் நாளில் மஞ்சள் கருவை விரலால் நசுக்கிச் சோற்றில் பிசைந்து தருவதும் அவரே. மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் குறிப்பதும் அங்கே நடக்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும்: உதவியாளர் பணியிடம் காலியாகக் கிடக்கும் மையங்களும் உண்டு. அங்கே என் கணக்கு செல்லாது. சேர்க்கும் முன் பதினொரு மணி வாக்கில் நேரில் போய்ப் பாருங்கள், பிள்ளைகள் கழிப்பறைக்குக் கிளம்பும் நேரம் அது.

சேர்த்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஒன்றாம் வகுப்பில் மகள் மற்றவர்களுக்கு ஈடுகொடுப்பாளா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. எழுத்துக்காக மாலையில் அரை மணி நேரம் நானே அவளோடு சிலேட்டும் பலப்பமுமாக உட்காருகிறேன். யுகேஜி வயது வரும்போது பள்ளிக்கு மாற்றலாமா என்ற பேச்சு வீட்டில் இன்னும் முடியவில்லை. அதற்குள் அந்தப் பள்ளிக்கு ஓர் ஆயா வந்துவிட்டால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.