‘லேப்டாப் பழசு, போர்ட் போச்சு’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் லைட் செட் தொழில் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளியிலோ கோயிலிலோ சொந்தமாக மேடைக்கு லைட் போடுகிறவர்களும் படியுங்கள். லேப்டாப்பிலிருந்து லைட்டுகளுக்குக் கட்டளை அனுப்பும் யூஎஸ்பி டிஎம்எக்ஸ் கன்ட்ரோலர் ஒன்று வாங்கி 6,950 ரூபாயும் ஐந்து வருட வேலையும் போய் நிற்கிறேன். லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

என்னிடம் இருப்பது சின்ன செட். எல்இடி பார் லைட் பதினாறு, மூவிங் ஹெட் நான்கு. மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி சுற்றுவட்டாரத்தில் பள்ளி ஆண்டு விழா, அம்மன் கோயில் தீமிதி, மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் பக்கம் ஒன்றிரண்டு மேடை. லைட் மென்பொருள் ஓடுவது 2012-ல் வாங்கிய லேப்டாப்பில், விண்டோஸ் 7. டிஎம்எக்ஸுக்கு அதுவே தாராளம். ஒரு லைனில் மொத்தமே 512 சேனல் (ஒரு லைட்டின் ஒரு நிறமோ வெளிச்ச அளவோ ஒரு சேனல்), நொடிக்கு 2,50,000 பிட் வேகம். மேடை லைட்டைக் கட்டுப்படுத்த 1986-ல் வந்த முறை அது. அதற்காகப் புது லேப்டாப் வாங்கச் சொன்னால் அந்த ஆளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

டிசம்பர் மழையில் பழைய கன்ட்ரோலர் நனைந்து செத்துப்போனது. ஜனவரி கடைசியில் ஒரு பள்ளி ஆண்டு விழா ஒப்புக்கொண்டிருந்தேன். அவசரத்தில் புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனேன். நான் வைத்திருக்கும் மென்பொருள் எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் யூஎஸ்பி சிப் உள்ள கன்ட்ரோலரை மட்டும்தான் அடையாளம் காணும், அதனால் இரண்டு முறை கேட்டேன். “ஒரிஜினல் எஃப்டிடிஐண்ணே, சொருகினா தானா எடுத்துக்கும்” என்றார் கடைக்காரர். விலை 3,200. பில் கேட்டதற்கு, “பில் போட்டா ஜிஎஸ்டி சேருமேண்ணே” என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் ‘டிஎம்எக்ஸ் 1, 3200’ என்று எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். நல்ல வேளை, பணத்தை ஜிபேயில் கட்டியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொருகினேன். எதையாவது சொருகினால் வருமே அந்தச் சின்னச் சத்தம், அது வந்தது. மென்பொருளைத் திறந்தால் கன்ட்ரோலர் இல்லை. லேப்டாப்பில் மாட்டியவற்றைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘யூஎஸ்பி 2.0 சீரியல்’ என்று ஒரு வரி, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். கடைக்கு போன் போட்டேன். “லேப்டாப் எந்த வருஷம்ணே? 2012-ஆ? அப்ப போர்ட் போயிருக்கும். பழசுல இப்படித்தான் ஆகும்” என்றார். கடலூரில் தெரிந்த சர்வீஸ் கடை இருக்கிறது, அங்கே கொடுங்கள் என்று அவரே அனுப்பியும் வைத்தார்.

அந்த இடத்தில் நான் ஒன்றை யோசித்திருக்க வேண்டும். அதே போர்ட்டில் மவுஸ் வேலை செய்தது, பென்டிரைவ் வேலை செய்தது. கன்ட்ரோலரைச் சொருகியதும் சத்தம் வந்தது, பட்டியலில் பெயரும் வந்தது. போர்ட் செத்திருந்தால் இதெல்லாம் எப்படி வரும்? மஞ்சள் முக்கோணத்துக்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: சாமான் வந்து நிற்கிறது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது, என் லேப்டாப்பில் இணையமும் கிடையாது. டிரைவர் தானாக எங்கிருந்து வரும்?

சர்வீஸ் கடையில் ஐந்து நாள் வைத்துக்கொண்டார்கள். போர்ட் மாற்றினோம், விண்டோஸ் 10 போட்டோம், மொத்தம் 2,750 என்றார்கள். திரையின் வலது மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற எழுத்து மங்கலாக நின்றது. டி டிரைவைத் திறந்தேன், காலி. “ஃபார்மேட் பண்ணாம எப்படி சார் போடறது?” என்றார் அங்கிருந்த பையன். ஃபார்மேட் செய்யப் போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்திருப்பேன். ஐந்து வருடமாக ஒவ்வொரு மேடைக்கும் உட்கார்ந்து செய்த ஷோ ஃபைல்கள், ஒவ்வொரு லைட்டின் அட்ரஸ், கலர் கலவை எல்லாம் அதில்தான் இருந்தன. ரெகவரி மென்பொருள் போட்டுப் பார்த்தேன். சில போட்டோக்கள் வந்தன, ஷோ ஃபைல் ஒன்றுகூட வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு கன்ட்ரோலரும் வேலை செய்யவில்லை. மஞ்சள் முக்கோணம் போய், ‘யூஎஸ்பி சீரியல் சிஹெச்340, காம் 3’ என்று வந்திருந்தது. மென்பொருளில் மட்டும் அதே வெறுமை. “டிவைஸ் தெரியுது பாருங்க சார், எங்க வேலை முடிஞ்சுது” என்று கையை விரித்துவிட்டார்கள். சிஹெச்340 என்பது வேறு நிறுவனத்தின் சிப், அந்தப் பெயர் திரையிலேயே இருந்தது. அவர்கள் பார்த்தார்கள். அது எஃப்டிடிஐ இல்லை என்று என்னிடம் சொல்லவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. பண்ருட்டியில் ஒரு நண்பரிடம் 192 சேனல் மேசை கன்ட்ரோலரை 1,000 ரூபாய் வாடகைக்கு எடுத்து ஒப்பேற்றினேன். அந்தப் பள்ளியின் நடன ஆசிரியை இரண்டு மாதமாகப் பிள்ளைகளை லைட்டுக்குத் தகுந்தாற்போல் பழக்கியிருந்தார். ஒரு நாட்டியத்தில் கடல் வரும் இடத்தில் மேடை முழுக்க அணைந்து, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு லைட்டாக நீலம் ஏறி வர வேண்டும், அந்த நீலத்தோடு பிள்ளைகள் ஒவ்வொருவராக எழ வேண்டும். லேப்டாப்பில் அது ஒரே பட்டன். மேசையில் ஃபேடரைக் கையால் தள்ளினேன். நீலம் பிந்திவிட்டது. மூன்றாவதாக நின்ற சின்னப் பெண் இருட்டிலேயே எழுந்து, லைட் வரவில்லையே என்று என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆசிரியை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் அக்கா மகன் வந்தான். முதலில் திருகைத் தொடவே இல்லை. டிவைஸ் மேனேஜரில் அந்த வரியின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போனான். விஐடி (தயாரிப்பாளர் எண்) 1ஏ86, பிஐடி (பொருள் எண்) 7523 என்று இருந்தது. “மாமா, எஃப்டிடிஐயா இருந்தா 0403, 6001னு வரணும்” என்றான். அப்புறம்தான் டப்பாவைத் திறந்தோம். எஃப்டிடிஐயின் எஃப்டி232ஆர்எல் சிப்புக்குப் பக்கத்துக்கு 14 கால், மொத்தம் 28. இதில் பக்கத்துக்கு எட்டுதான். ஒட்டினாற்போல் வெள்ளி நிறத்தில் ஒரு கிரிஸ்டல். எஃப்டி232ஆர்எல்லுக்கு வெளியில் கிரிஸ்டலே தேவையில்லை, கடிகாரத் துடிப்பு தரும் சுற்று அதற்குள்ளேயே இருக்கிறது. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் சிப்பின் மேலேயே சிஹெச்340ஜி என்று எழுதியிருந்தது.

சிஹெச்340 மோசமான சிப் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ போர்டுகளில் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் எஃப்டிடிஐயை மட்டும் தேடும் மென்பொருளுக்கு அதனால் பயன் இல்லை. அதை எஃப்டிடிஐ என்று சத்தியம் செய்து, அதற்குரிய விலையும் வாங்கியது ஏமாற்று.

நண்பரிடம் இருந்த உண்மையான எஃப்டிடிஐ கன்ட்ரோலரை வாங்கி அதே லேப்டாப்பில், அதே போர்ட்டில் சொருகினோம். சில நிமிடத்தில் மென்பொருளில் வந்துவிட்டது, பார் லைட்டும் எரிந்தது. இன்னொன்றையும் அக்கா மகன்தான் காட்டினான். முன்பு ஒரு முறை இடித்து அந்தப் போர்ட்டின் தகடு உள்பக்கமாக லேசாக வளைந்திருந்தது. ‘மாற்றிய’ போர்ட்டிலும் அதே வளைவு இருக்கிறது.

ஆகவே வாங்கும்போது உங்கள் லேப்டாப்பையும் ஒரு பார் லைட்டையும் கடைக்கே எடுத்துப் போங்கள். லைட் கலர் மாறுவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஐடி எண்ணையும் அங்கேயே பாருங்கள். 0403 என்று வந்தாலும் முழுக்க நம்ப முடியாது, போலி சிப்பும் அதே எண்ணைக் காட்டும். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர் போலி சிப்களின் பிஐடியை 0000 என்று மாற்றிவிட்டது. விவரம் தெரியாமல் வாங்கியவர்களின் சாமான்தான் முடங்கியது. எதிர்ப்பு வந்ததும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். அதனால் சிப் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள், ஜிஎஸ்டி சேர்ந்தாலும் பரவாயில்லை. டப்பாவை முதலிலேயே திறக்காதீர்கள். நான் திறந்துவிட்டேன் என்பதையே சாக்காக வைத்துக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கிறார். லேப்டாப்பை யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும் ஷோ ஃபைலைப் பென்டிரைவில் போட்டு வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். அதில் சரியாகாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் கடலூரிலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. துண்டுச் சீட்டும் ஜிபே பதிவும் என்னிடம் இருக்கின்றன.

புகார் நடப்பதால் இரண்டு கடைகளின் பெயரையும் இங்கே எழுதவில்லை. புதுச்சேரியில் ‘ஒரிஜினல் எஃப்டிடிஐ’ என்று சொல்லிக் கொடுத்த கருப்பு டப்பா உங்களிடமும் இருந்தால், ஹார்டுவேர் ஐடி தெரிகிற மாதிரி திரையைப் படம் எடுத்து, பணம் கட்டிய பதிவோடு எனக்கு அனுப்புங்கள். என் மனுவோடு சேர்த்துக்கொள்கிறேன்.