ஒப்புகைச் சீட்டு இயந்திரம்: ஒரு வாக்காளரின் மதிப்பீடு

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துடன் இணைக்கப்படும் விவிபேட் என்னும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம், 2013-இல் நாகாலாந்தின் நோக்சன் இடைத்தேர்தலில் அறிமுகமாகி, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் வந்து சேர்ந்தது. வாக்களித்த அனுபவத்தையும் விதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கருவி நன்றாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறைதான் போதவில்லை.

பொத்தானை அழுத்தியதும் சிறிய கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்து, வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் ஆகியவை அச்சான சீட்டு 7 நொடிகள் தெரிகிறது. பிறகு அது வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. அச்சு தெளிவானது. ஆனால் அதைப் பார்ப்பவர் எத்தனை பேர்? மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாதிரித் தேர்தல் ஒன்றில் வேறொரு வகை இயந்திரத்தை வைத்து வேண்டுமென்றே தேர்வை மாற்றி அச்சிட்டபோது, எதுவும் நினைவூட்டப்படாதவர்களில் 40 சதவீதத்தினர்தாம் தாளைப் பார்த்தார்கள்; தவற்றை அலுவலரிடம் சொன்னவர்கள் 6.6 சதவீதம் மட்டுமே. இங்கோ, புகார் சொல்பவர் எழுத்துமூலம் உறுதிமொழி தந்து அலுவலர், முகவர்கள் முன்னிலையில் சோதனை வாக்குப் போட வேண்டும். புகார் பொய்யென்றால் தண்டனையும் உண்டு. விழுந்துவிட்ட பழைய சீட்டை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பதால், ஒருமுறை மட்டும் நேர்ந்த பிழையை இந்த ஏற்பாட்டில் நிரூபிப்பது கடினம்.

எண்ணிக்கைதான் முக்கியமான இடம். இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் முரண்பட்டால் சீட்டுக் கணக்கே செல்லும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. இதுவே இந்தக் கருவியின் உண்மையான பலம் என்பேன். ஆனால் 2019-இல் உச்ச நீதிமன்றம் உயர்த்திய பிறகும், சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகளே குலுக்கல் முறையில் எடுத்து எண்ணப்படுகின்றன. 300 சாவடிகள் கொண்ட தொகுதியில் 10 சாவடிகளில் முறைகேடு நடந்திருந்தால், அந்த ஐந்தில் ஒன்றாவது சிக்குவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 16 சதவீதம்தான். மாநிலம் முழுவதும் நடக்கும் மோசடி இதில் அகப்பட்டுவிடும். சில நூறு வாக்குகளில் வெற்றி தோல்வி முடிவாகும் தொகுதியில் நடப்பது தப்பிவிடலாம். எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை. அதற்கும் ஐந்து சாவடிகளுக்கும் நடுவே வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் வெற்றி வித்தியாசம் குறையக் குறைய அதிகமான தாள்களைச் சரிபார்க்கிறது. சீட்டுகள் ஏற்கெனவே பெட்டியில் இருப்பதால், இங்கும் அதைச் செய்யக் கூடுதல் ஆட்களும் நேரமும் போதும்.